காணாமல் போன பித்தளை வளைவு

காலை 7.10. ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர் தன் காப்பி டம்ளரைக் கழுவ சமையலறை சிங்க்கில் குழாயைத் திறந்தார். தண்ணீர் சிங்க்கில் விழுந்தது, ஓட்டை வழியே இறங்கியது, நேராக அவர் கால் மேல் கொட்டியது.

துள்ளி நகர்ந்து, குனிந்து, சிங்க்குக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவைத் திறந்தார். சிங்க்கின் ஓட்டைக்கும் சுவருக்குள் போகும் குழாய்க்கும் நடுவே ஒரு வளைவு இருக்க வேண்டும். கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும் பித்தளை வளைவு, அவருடைய மாமனார் காலத்துச் சாமான். அது இல்லை.

7.14க்கு அவர் போனை எடுத்தார்.

"வளைவு எங்கய்யா?"

"எந்த வளைவு சார்?"

"நடிக்காதே. நேத்து சாயங்காலம் 5.20க்கு வந்த. 6.35க்குப் போன. போகும்போது உன் பை கனமா இருந்துச்சு. பழைய பித்தளை நல்ல விலைக்குப் போகும்னு எனக்குத் தெரியாதா?"

"என் பை எப்பவும் கனம்தான் சார்."

"எட்டு மணிக்குள்ள வளைவோட வந்து நிக்கணும். இல்லைன்னா கம்பிக்காரனைக் கம்பி எண்ண வச்சிடுவேன்."

கம்பிக்காரர் என்பது அந்தக் குழாய்க்காரருக்குத் தெரு கொடுத்த பெயர். தோளில் எப்போதும் ஒரு நீளமான ஸ்பிரிங் கம்பிச் சுருள் தொங்கும். அடைப்பு எடுக்க ஆசிட், பவுடர் என்று எதையும் அவர் ஊற்ற மாட்டார். வெந்நீர், ரப்பர் கப்பு வைத்த கட்டை, கம்பி, கை, இவ்வளவுதான். யாரோ முன்பே ஆசிட் ஊற்றி வைத்திருந்த சிங்க்கில் கையை விட்ட தழும்பு அவருடைய வலது மணிக்கட்டில் இன்னும் இருந்தது. இருபத்தேழு வருஷமாக அந்தத் தெருக்களில் எல்லார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் போய் வந்திருக்கிறார். அவர் வந்து போன வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் பேசியது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழக்கம்போல ரேடியோவை அணைக்காமல் விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார். மனைவி இறந்துபோன நாலு வருஷமாக இதுதான் பழக்கம். திரும்பி வரும்போது வீட்டுக்குள் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், யாராக இருந்தாலும் சரி.

7.50. ஸ்டேஷன் மாஸ்டருடையது ஒரு விசித்திரமான வீடு. ஒரே படிக்கட்டு, ஒட்டி ஒட்டி இரண்டு வாசல். முன்பு ஒரே வீடாகத்தான் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அங்கே இரண்டு பெண்களின் அப்பா படுக்கையில் விழுந்தார். வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றாள் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைப்பார் என்றாள் தங்கை. தங்கை சொன்னபடி கொண்டுபோனார்கள், அப்பா திரும்பி வரவில்லை. "நீதான்டி கொண்டுபோய் விட்டுட்டு வந்தே" என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையோடு பேச்சு நின்றது. மூன்று மாதத்தில் வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது.

சமையலறையையும் அந்தச் சுவர் இரண்டாக வெட்டியது. அந்தப் பக்கம் அக்காவுக்கு ஒரு புது சிங்க், பிளாஸ்டிக் வளைவு. இந்தப் பக்கம் தங்கைக்குப் பழைய சிங்க், பித்தளை வளைவு. இரண்டையும் பொருத்தியவர் கம்பிக்காரரேதான். அக்கா தையல்காரி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்டேஷன் மாஸ்டர் அவள் கணவர்.

"வந்துட்டியா? கம்பி நீட்டிடுவேன்னு நினைச்சேன்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ரெண்டு கேள்வி கேக்கறேன் சார். அப்புறம் போலீஸைக் கூப்பிடுங்க."

"கேளு."

"நேத்து நான் போனப்புறம் சிங்க்கில் யாராவது தண்ணி விட்டீங்களா?"

"9.50க்கு. பால் டம்ளரைக் கழுவினேன்."

"உங்க கால் நனைஞ்சுதா?"

ஸ்டேஷன் மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"இல்லை."

"அப்போ 9.50க்கு வளைவு இருந்துச்சு. நான் 6.35க்கே போயிட்டேன்."

ஸ்டேஷன் மாஸ்டரின் மூக்கு விடைத்தது. தோற்றுப்போனதை ஒத்துக்கொள்வதற்குப் பதிலாக அவர் கையைச் சுவர் பக்கம் நீட்டினார். "அப்போ அவதான். இவளோட அக்கா. அப்பா வாங்கின பித்தளைன்னு அவளுக்கு எப்பவும் ஒரு கண்ணு."

"எந்த வழியா வந்தாங்க சார்?"

"10.05க்கு நானே வாசக்கதவையும் பின்கதவையும் தாழ் போட்டேன். 5.40க்கு நானே எடுத்தேன். தாழ் போட்டது போட்டபடி…" அவருடைய நேரங்களே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

டீச்சர் அடுப்பங்கரை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். "இருங்க, காப்பி போடறேன்" என்று பாலை அடுப்பில் வைத்தாள். "காலங்காத்தால வந்த மனுஷனை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறாரு."

கம்பிக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் கொட்டிய தண்ணீர் வெளித்தரையில் இருந்தது. அலமாரியின் உள்மூலையில் விரித்திருந்த பழைய பேப்பர் மட்டும் காய்ந்து கிடந்தது. வளைவுக்குள் எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். கழற்றியவர் அடியில் ஏதோ வைத்துப் பிடித்திருக்கிறார். ரப்பர் வாஷர் இரண்டும் தொலையாமல் ஒரு கிண்ணத்தில் இருந்தன. சுவருக்குள் போகும் குழாயின் வாயில் ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து, சுருட்டி, இறுக்கமாகச் செருகியிருந்தது. அலமாரிக்கு எதிரே ஒரு குட்டி முக்காலி.

"இந்த முக்காலி எப்பவும் இங்கதான் இருக்குமா டீச்சரம்மா?"

"கால் வலிக்குது. உக்காந்து காய் நறுக்குவேன்."

"காலையில ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இல்லை."

"சத்தம் எங்கேருந்து வரும்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "6.00 மணி செய்தி கேக்கவே விடலை இவ. தலைவலி, டீவியை நிறுத்துங்கன்னுட்டா. முப்பத்தாறு வருஷத்துல முதல் தடவை."

கம்பிக்காரருக்கு நேற்று சாயங்காலம் ஞாபகம் வந்தது. இரண்டு நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். வெந்நீர் ஊற்றினார், ரப்பர் கட்டையால் அமுக்கி அமுக்கி இழுத்தார், அசையவில்லை. டீச்சர் டார்ச் பிடிக்க, வளைவைக் கையாலேயே திருகிக் கழற்றினார். "இதுக்கு ஸ்பேனர் வேண்டாம்மா, கைமுறுக்கே போதும். வளைவு இல்லாம குழாய் திறந்து கிடந்தா மட்டும் நாத்தம் வரும், துணி வச்சு அடைக்கணும்" என்று பேச்சுவாக்கில் சொன்னார். வளைவைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கழுவிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வந்தபோது, டீச்சர் டார்ச்சை அணைக்காமல் அலமாரிக்குள் தலையை விட்டபடியே மண்டி போட்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. வாடை என்றாள். வளைவை மாட்டியும் தண்ணீர் இறங்காததால் அடைப்பு சுவருக்குள்தான் என்று தெரிந்தது. தோளில் தொங்கும் நீளக் கம்பி அன்றைக்கென்று வேறொரு வீட்டில் கிடந்தது, காலையில் கொண்டுவருகிறேன் என்று போய்விட்டார்.

"முதல்ல அடைப்பை எடுத்துடறேன்" என்று கைக்குட்டையை உருவினார்.

8.20. வரும் வழியில் எடுத்து வந்திருந்த ஸ்பிரிங் கம்பி சுவருக்குள் போனது. ஒரு முழம் போய், கீழே வளைந்து, மெத்தென்று எதிலோ முட்டியது. கம்பிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் கேட்டார். கொழுப்பு என்றால் கம்பி வழுக்கும், எலும்பு என்றால் நொறுங்கும். இது கம்பியைக் கவ்விப் பிடித்தது. பத்து சுற்று சுற்றி மெதுவாக இழுத்தார்.

வெளியே வந்தது ஒரு நீலத் துணி. கைக்குட்டை அகலம், முறுக்கேறி, சகதி பூசி. வாளித் தண்ணீரில் அலசி விரித்தார். ஓரம் தையல் கத்தரியால் பல்லுப் பல்லாக வெட்டியிருந்தது.

"எந்தப் பவுடர் போட்டாலும் இது கரைஞ்சிருக்காது சார்" என்றார். பிறகு எழுந்து, சிங்க்கின் ஓட்டையில் இருந்த சல்லடையை விரலால் தொட்டுப் பார்த்தார். துளைகள் மிளகு போகும் அளவுதான். துணியைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார்.

"பக்கத்து வீடு வரைக்கும் போயிட்டு வரேன்."

"நான்தான் சொன்னேனே! அவதான்!" என்று கத்தினார் ஸ்டேஷன் மாஸ்டர். "அந்தப் பித்தளையை அவதான் எடுத்திருப்பா!"

டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே அடங்கியது.

8.41. கம்பிக்காரர் பக்கத்து வாசலில் கையை ஓங்கினார். தட்டும் முன்பே கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப்போடு தையல்காரி நின்றாள்.

"அந்தப் பித்தளையை நான் எடுக்கலை."

"பித்தளையைப் பத்தி நான் இன்னும் வாயே திறக்கலையேம்மா" என்றார் கம்பிக்காரர்.

தையல்காரி கதவை விட்டு ஒதுங்கினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார். ஜன்னல் இல்லாத, விளக்குப் போட்டால்தான் கண் தெரியும் அறை. அதன் நடுவில் தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது. நல்ல வெளிச்சமான முன்னறை காலியாகக் கிடந்தது. சிங்க் உலர்ந்து போய், அதற்குள் நூல்கண்டுகள். அடியில் பிளாஸ்டிக் வளைவு இல்லை. குழாய் வாயில் தடிமனாக ஒரு துணி உருண்டை, அதன் கீழே ஒரு வாளி, அதில் பாதிக்கு அழுக்குத் தண்ணீர்.

அவர் நீலத் துணியை நீட்டினார். "உங்களோடதா?"

"முன்னாடி அடைச்சு வச்சிருந்தது. மூணு நாளைக்கு முன்னாடி கை தவறி உள்ள போயிடுச்சு. அப்போலேருந்து அவ பாத்திரம் கழுவற தண்ணி என் பக்கம் கசியுது. நான் வாளி வச்சுப் பிடிச்சு வெளிய ஊத்திட்டிருக்கேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? ஏன் வளைவைக் கழட்டினேன்னு கேட்டா என்ன பதில் சொல்றது?"

தையல்காரி மெஷின் சக்கரத்தைக் கையால் லேசாகச் சுற்றினாள்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி அது விரிசல் விட்டுச்சு. கழட்டினேன். அன்னிக்குத்தான் அவ குரல் கேட்டுச்சு. ஒரு வார்த்தையும் புரியாது. தண்ணிக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கும். இருந்தாலும் அவ குரல்தானே? புது வளைவு வாங்க மனசு வரலை. மெஷினை இங்க இழுத்துப் போட்டேன். பாலை அடுப்புல வச்சிட்டு மறந்துடுவா, சின்ன வயசுலேருந்து அப்படித்தான். சுர்ருனு பொங்கற சத்தம் மட்டும் நல்லாத் தெரியும். சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். எட்டு மாசமா வாய் வரைக்கும் வந்து வந்து நிக்குது."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு விடியக்காலை அஞ்சு மணியிலேருந்து பக்கத்துல நிக்கற மாதிரி கேக்குது. என்ன ஆச்சுன்னு தெரியலை. மூக்கை உறிஞ்சறதுகூடக் கேக்குது."

"சளி பிடிச்சிருக்கும்."

"சளி பிடிச்சா அவ வேற மாதிரி உறிஞ்சுவா" என்றாள் தையல்காரி.

கம்பிக்காரருக்குத் தன் வீட்டு ரேடியோ ஞாபகம் வந்தது. இந்நேரம் யாரோ ஒரு ஆள் காலி அறையில் வானிலை சொல்லிக்கொண்டிருப்பார். திறந்து காதை வைத்தால் மனைவியின் குரல் கேட்கும் என்று ஒரே ஒரு குழாய் இருந்திருந்தால், அவரும் எந்த வளைவையும் திரும்ப மாட்டியிருக்க மாட்டார். குழாய் வாயில் இருந்த துணி உருண்டையைக் காட்டினார்.

"அந்தத் துணியை எடுத்துட்டு இங்கேயே உக்காந்திருங்கம்மா."

"வளைவை மாட்டிடுவீங்களா?" என்று கேட்டாள் அவள். அறுபத்தாறு வயதுக்காரி அதைச் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் வந்துவிட்டார்.

9.12. டீச்சர் இரண்டாம் காப்பிக்குப் பாலைச் சிறு தீயில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எடுத்தது யாருன்னு தெரிஞ்சுடுச்சு சார். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க." கம்பிக்காரர் திரும்பினார். "டீச்சரம்மா, நீங்கதான்."

"என்னய்யா உளர்றே? தன் வீட்டுச் சாமானைத் தானே திருடுவாங்களா?"

"கதவு ரெண்டும் உள்தாழ். உள்ள இருந்தது நீங்க ரெண்டு பேர். திருட வந்தவன் சொட்டுத் தண்ணி சிந்தாம ஏந்திப் பிடிக்க மாட்டான், வாஷரைக் கிண்ணத்துல போட்டு வைக்க மாட்டான். அதெல்லாம்கூட இருக்கட்டும், அந்தக் கைக்குட்டையைத்தான் நாம யாரும் யோசிக்கலை. திருடன் எதுக்கு சார் போற வழியில உங்க வீட்டுக்கு நாத்தம் வரக்கூடாதுன்னு கவலைப்படணும்? துணி வச்சு அடைக்கணும்னு நேத்து நான் சொன்னது டார்ச் பிடிச்சவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். கைமுறுக்கே போதும்னு சொன்னதும் அவங்ககிட்டதான்."

டீச்சர் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நீங்க வளைவைக் கழுவப் போனீங்களே," என்றாள், "அப்போ மெஷின் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அக்கா நூலைத் திட்டினா. 'சனியனே, ஒழுங்கா ஊசிக்குள்ள போயேன்'னு. அப்படியே பழைய அக்கா. பதினோரு வருஷமா வாசல்ல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கறோம், குரலைக் கேட்டதே இல்லை. நீங்க வந்து வளைவை மாட்டினீங்க, குரல் போயிடுச்சு. ராத்திரி பூரா தூக்கம் வரலை. விடியறதுக்குள்ள கழட்டிட்டேன். ஒரு நாள், ரெண்டு நாள் கேட்டுட்டு வச்சிடலாம்னு பார்த்தேன். இவர் உங்களைத் திருடன்னு சொல்லுவார்னு நினைக்கலை. மன்னிச்சுடுங்க."

"எங்கே ஒளிச்சே?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "வீடு முழுக்கத் தேடினேனே."

"உங்க யூனிபார்ம் பெட்டியில."

ரிட்டயரான நாளிலிருந்து அந்தப் பெட்டியைத் திறந்தால் நெஞ்சை அடைக்கிறது என்று அவர் அதன் பக்கமே போவதில்லை. இப்போது போனார். விசிலுக்கும் தொப்பிக்கும் நடுவே, பச்சைக் கொடியில் சுற்றி, மாமனாரின் பித்தளை இருந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேடைமேல் வைத்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு டீச்சரம்மா," என்றார் கம்பிக்காரர். "வளைவுல நிக்கற தண்ணி ஒரு கதவு மாதிரி. நாத்தமும் வராது, சத்தமும் வராது. உங்க பக்கத்துக் கதவை மட்டும் திறந்தா திட்டற வார்த்தை வரைக்கும் கேக்காது. இந்த நீலத் துணி உங்க சல்லடை வழியா போகவே முடியாது. அந்தப் பக்கத்துலேருந்துதான் வந்திருக்கு. அந்தப் பக்கமும் வளைவு இருந்திருந்தா அங்கேருந்தும் வந்திருக்க முடியாது."

டீச்சர் மெதுவாக நிமிர்ந்தாள். "அப்போ அக்காவும்…"

"எட்டு மாசமா."

சுவருக்குள் இருந்த குழாயின் வாய் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் மெஷின் ஓடவில்லை.

"ரெண்டு வளைவையும் நான் மாட்டித்தான் ஆகணும்" என்றார் கம்பிக்காரர். "பூச்சி வரும், எலி வரும், கெட்ட காத்து வரும். மாட்டினா கேக்காது. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லை. புது வாஷர் வாங்கிட்டு வரேன், அரை மணி ஆகும்."

புது வாஷர் நாலு அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தன. வெளியே வந்து இரண்டு வாசலுக்கும் நடுவே படியில் உட்கார்ந்தார். இரண்டு கதவும் திறந்திருந்தன.

இடது பக்க வீட்டிலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"அக்கா."

வலது பக்கத்தில் சத்தமே இல்லை.

"அக்கா, கேக்குதா? நான் அப்பாவை அங்க விட்டுட்டு வரலைக்கா. கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன். உன் பேரைத்தான் கேட்டாரு. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன்."

கம்பிக்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. எவ்வளவு என்று உள்ளே ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவரும் சொல்லவில்லை. பிறகு இடது பக்கத்தில் சுர்ரென்று ஒரு சத்தம் எழுந்தது. உடனே வலது பக்கத்தில், அழுகையும் அதட்டலுமாக, ஒரு குரல் உடைந்தது.

"அடியே, பால் பொங்குதுடி! இறக்கு முதல்ல! தினமும் இதே வேலை உனக்கு!"

ஸ்டேஷன் மாஸ்டர் அடுப்பை நோக்கி ஓடும் சத்தம் கேட்டது. வலது வீட்டுக்குள் நாற்காலி நகர்ந்தது, கத்தரிக்கோல் தரையில் விழுந்தது, யாரோ அவசரமாக முன்னறைக்கு வந்தார்கள்.

கம்பிக்காரர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வழிவிட்டு, படியின் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.